படுக்கும்போது 118, எழுந்தால் 156: ராத்திரியில் சுகர் எங்கிருந்து ஏறுகிறது?

கணக்கு_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்று தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. மெட்ஃபார்மின் 500 காலையிலும் இரவிலும் சாப்பாட்டோடு எடுக்கிறேன். வேறு மருந்து இல்லை. இரண்டு மூன்று மாதச் சுகர் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி கடைசியாக எடுத்தபோது 6.8. டாக்டர் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, இப்படியே போகட்டும் என்றார்.

ஆனால் காலைச் சுகர் மட்டும் பிடிபடவே மாட்டேன் என்கிறது. படுக்கப் போகும்போது 118, 124 என்று இருக்கும். எழுந்து வாய் கொப்பளித்துவிட்டுக் குத்திப் பார்த்தால் 156, 149, 161. நடுவில் ஒரு வாய் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போயிருக்காது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால்கூட 150, 160தான். சாப்பிட்ட பிறகு இருக்கிற சுகரும், ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த சுகரும் ஒன்றாக இருந்தால் என்ன அர்த்தம்?

ராத்திரிச் சாப்பாட்டின் அளவைக் குறைத்துப் பார்த்தேன். பிறகு ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திப் பார்த்தேன். மறுநாள் காலை 163.

வீட்டுக்காரர், நடுராத்திரியில் எழுந்து ஏதாவது தின்கிறாயா என்று கேட்கிறார். விளையாட்டாகக் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். நிஜமாகவே கேட்கிறார். மாமியார் டப்பா எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார். நாற்பத்துநாலு வயதில் திருடியைப் போல நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சர்க்கரை எங்கிருந்துதான் வருகிறது? ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு விட்டுவிடலாமா? மாத்திரையை நானே ஒன்று கூட்டிக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற_சிஸ்டர்

டீச்சரம்மா, நான் சர்க்கரை நோய்ப் பிரிவில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை, அதனால் மருந்தளவு பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். மாத்திரையை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். ஆனால் சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். முதலில் அதை உங்கள் வீட்டுக்காரரும் மாமியாரும் படிக்க வேண்டும்.

அந்தச் சர்க்கரை உங்கள் ஈரலிலிருந்து வருகிறது. டப்பாவிலிருந்து இல்லை.

நாம் தூங்கினாலும் மூளை தூங்குவதில்லை. அதற்கு விடிய விடிய குளுக்கோஸ் வேண்டும். அதற்காகவே ஈரல் சுமார் 100 கிராம் அளவுக்குச் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்திருக்கிறது. ராத்திரியில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து ரத்தத்தில் விடும். அதோடு நிற்காமல் புரதத்தின் கூறுகள், கொழுப்பிலிருந்து வரும் கிளிசரால், தசையிலிருந்து வரும் லாக்டேட் இவற்றை வைத்துப் புதிதாகவும் குளுக்கோஸ் தயாரிக்கும். இது எல்லார் உடம்பிலும் நடக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் உடம்பிலும் நேற்று ராத்திரி நடந்திருக்கிறது.

விடியற்காலை மூன்று மணிக்கு மேல் உடம்பு எழுந்திருக்கத் தயாராகும். வளர்ச்சி ஹார்மோன், கார்ட்டிசால் எல்லாம் தலைதூக்கும். இன்னும் கொஞ்சம் அனுப்பு என்று ஈரலுக்கு உத்தரவு போகும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு அந்த நேரத்தில் கணையம் சற்றுக் கூடுதலாக இன்சுலினை விட்டு, போதும் நிறுத்து என்று ஈரலை அடக்கிவிடும். நமக்கு அந்த இன்சுலின் போதுமான அளவு வராது. வந்தாலும் ஈரல் காதில் வாங்காது. அதனால்தான் படுக்கும்போது 118 இருந்தது எழுந்ததும் 156 ஆகிறது. டாக்டர்கள் இதை டான் ஃபினாமினன் என்பார்கள். 1981 முதல் மருத்துவ இதழ்களில் இந்தப் பெயரிலேயே எழுதி வருகிறார்கள். அதாவது இது உங்கள் ஒருத்திக்கு மட்டும் வந்த அதிசயம் இல்லை.

சாப்பிடாமல் படுத்தும் 163 வந்ததே, அதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. பட்டினி நீண்டால் இன்சுலின் இன்னும் இறங்கும், அதற்கு எதிராக வேலை செய்யும் குளுக்ககான் என்ற ஹார்மோன் ஏறும். குளுக்ககான் ஏறினால் ஈரல் இன்னும் மும்முரமாக வேலை செய்யும். சாப்பாட்டை விட்டதற்கு உங்களுக்குக் கிடைத்தது பசியும் தூக்கமின்மையும்தான். ஒரு ராத்திரி தூக்கம் கெட்டாலே மறுநாள் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அது வேறு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பதால் உங்களுக்குச் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் யாராவது இதைப் படித்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை விட்டால் நடுத்தூக்கத்திலேயே சுகர் இறங்கி மயங்கிவிடலாம். அவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. காலையில் மட்டும் பார்ப்பதை நிறுத்துங்கள். உடம்பு நன்றாக இருக்கும் ஒரு வாரத்தில், காய்ச்சல் சளி இல்லாதபோது, இரண்டு மூன்று ராத்திரிகளுக்குப் படுக்கும்போது, விடியற்காலை மூன்று மணிக்கு, எழுந்தவுடன் என்று மூன்று முறை பாருங்கள். மூன்று மணிக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர், ஸ்ட்ரிப், ஊசி எல்லாம் தலைமாட்டிலேயே இருக்கட்டும். பக்கத்திலேயே ஒரு நோட்டு. ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், தூக்கம் எப்படி என்பதையும் அதிலேயே குறியுங்கள்.

மூன்று மணி எண்தான் முக்கியம். அது படுக்கும்போது இருந்த அளவிலேயே நின்று, அதற்கப்புறம் ஏறினால் விடியற்கால ஹார்மோன் வேலை. நள்ளிரவிலிருந்தே சீராக ஏறிக்கொண்டு போனால், மருந்தின் பலம் ராத்திரி முழுக்க வரவில்லை என்று டாக்டர் யோசிப்பார். படுக்கும்போதே 180க்கு மேல் என்றால் ராத்திரிச் சாப்பாட்டின் அளவையும் நேரத்தையும் பார்க்க வேண்டும். மூன்று மணிக்கு 70க்குக் கீழே வந்தால் அது முற்றிலும் வேறு கதை, உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் பிரிவுக்கு வருகிறவர்களின் நோட்டில் பெரும்பாலும் காலை எண் மட்டும்தான் இருக்கும். அதிலும் நல்ல எண் வந்த நாள்களை மட்டும் எழுதியிருப்பார்கள், மற்ற நாள்களில் வெறும் கோடு. நோட்டை நீட்டும்போதே தலை குனிந்துவிடும். அந்த எண்ணில் உங்கள் ஒழுக்கத்தைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்காது அம்மா. ஈரலும் கணையமும் ராத்திரி என்ன செய்தன என்பது மட்டும்தான் எழுதியிருக்கும். கெட்ட எண்ணையும் எழுதுங்கள். டாக்டருக்குப் பயன்படுவதே அதுதான்.

லேப்_டெக்னீசியன்

சிஸ்டர் சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். என் பங்குக்குக் கருவியைப் பற்றி இரண்டு விஷயம்.

வீட்டு மீட்டர்களுக்கு 2013ல் வந்த ஐஎஸ்ஓ 15197 தரத்தின்படி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 95 அளவீடுகள் ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். அதாவது உண்மையில் 118 இருக்கும் ரத்தத்தைத் தரமான மீட்டரே 101 என்றும் காட்டலாம், 135 என்றும் காட்டலாம். 149க்கும் 156க்கும் வித்தியாசம் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். அதேசமயம், தினமும் ஒரே திசையில் முப்பது நாற்பது ஏறுகிறது என்றால் அது மீட்டர் கோளாறு இல்லை, நிஜமான ஏற்றம்.

குத்துவதற்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவி ஈரம் போகத் துடைக்கவும். பழம் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் இல்லாத சுகரெல்லாம் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலியும் குறையும். ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்தவுடன் மூடிவிடுங்கள், ஈரக்காற்று பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுப்போகும்.

ஒன்று கேட்கிறேன், ஹீமோகுளோபின் எவ்வளவு? எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரை. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால்தான் அது இரண்டு மூன்று மாத சராசரியைச் சொல்கிறது. 6.8 என்றால் சராசரி 148 சுமார். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அந்த எண் இருப்பதைவிடக் கூடுதலாக வரும். சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய் இருந்தால் குறைவாக வரும். பெண்களுக்கு ரத்தசோகை சகஜம் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

மூத்த_மகன்

அப்பாவுக்காக இங்கே வந்து படிக்கிறவன் நான். அவருக்கு 71 வயது, ராத்திரி நீண்டநேர இன்சுலின் போடுகிறோம். அவருக்கும் காலையில் 190, 200 என்று நிற்கும். ராத்திரி சுகர் இறங்கியதால்தான் காலையில் எகிறுகிறது, அது எப்போதுமே அப்படித்தான் என்று தெரிந்தவர் ஒருவர் அடித்துச் சொன்னார். இன்னொருவர், யூனிட்டைக் கூட்டுங்கள் என்றார். யாரை நம்புவது என்று தெரியவில்லை.

சிஸ்டர் சொன்ன மாதிரி ஒரு ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பினேன். தலையணை நனைந்திருந்தது. என் பெயரைச் சொல்லாமல் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மீட்டரில் 61. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்ததும் கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அடுத்த ராத்திரி அதே யூனிட், அதே சாப்பாடு, மூன்று மணிக்கு 174. ஒரே மருந்து ஒரு நாள் இப்படியும் ஒரு நாள் அப்படியும் ஏன் வேலை செய்கிறது?

ஓய்வுபெற்ற_சிஸ்டர்

தம்பி, யூனிட்டைக் கூட்டவே கூட்டாதீர்கள். 61 வந்ததை இன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.

உங்களுக்குச் சொன்னவர் பேசியது சொமோஜி என்ற விஞ்ஞானியின் கருத்து. 1938லேயே அவர் சொன்னார்: ராத்திரி தாழ்ந்தால் உடம்பு பயந்துகொண்டு சர்க்கரையைக் கொட்டும், அதனால் காலையில் ஏறும் என்று. ரொம்ப நாள் எல்லாரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் உடம்பிலேயே ஒட்டியிருக்கும் சென்சார் வந்து ராத்திரி முழுக்கப் பார்க்க முடிந்த பிறகு, ராத்திரி இறங்கியவர்களில் பெரும்பாலோர் காலையிலும் குறைவாகவே எழுகிறார்கள் என்று தெரிந்தது. எனவே எப்போதும் அப்படித்தான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

ஒரு நாள் 61, மறுநாள் 174 என்று தாறுமாறாகப் போனால் என் கை முதலில் போகும் இடம் அப்பாவின் வயிறு. ஊசி போடும் இடத்தைக் கண்ணால் பார்த்தால் போதாது, தடவிப் பார்க்க வேண்டும். அவரை நிற்கவைத்து, விரல்களில் கொஞ்சம் லோஷன் தடவிக்கொண்டு, தொப்புளைச் சுற்றி மெதுவாக வட்டமாகத் தேய்த்து வாருங்கள். தோல் வழுக்கிக்கொண்டு போகும்போது ஓரிடத்தில் விரல் தட்டும், அடியில் தடிப்பாக இருக்கும். கிள்ளிப் பார்த்தால் மற்ற இடத்தைப் போல மெல்லிசாகப் பிடிபடாது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் போட்டால் கொழுப்பு அப்படித் திரண்டுவிடும். அங்கே போட்டால் வலிக்காது, அதனால் வயதானவர்கள் அந்த இடத்தையே தேடிப்போவார்கள். ஆனால் அங்கிருந்து மருந்து ஒரு நாள் மெதுவாக உறிஞ்சப்படும், ஒரு நாள் மொத்தமாக உறிஞ்சப்படும்.

தடிப்பு இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அன்றே நல்ல தோலுக்கு மாற்றி அதே யூனிட்டைப் போட்டுவிடாதீர்கள். அங்கே மருந்து முழுசாக உள்ளே போகும், சுகர் இன்னும் வேகமாக இறங்கும். இடத்தை மாற்றும்போது அளவை எவ்வளவு குறைப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் மாற்ற வேண்டும்.

70க்குக் கீழே வந்து நினைவோடு இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, ஏறாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். 71 வயதில் காலை எண் கொஞ்சம் கூடுதலாக இருப்பதைவிட ராத்திரித் தாழ்வுதான் பயப்பட வேண்டியது. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வயதையும் மற்ற நோய்களையும் பார்த்து எச்பிஏ1சி இலக்கை 8 வரைகூட டாக்டர்கள் தளர்த்துவார்கள், அதைக் கேளுங்கள்.

மூத்த_மகன்

தொப்புளுக்கு வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது சிஸ்டர். இத்தனை நாள் சட்டை போட்ட உடம்பைத்தான் பார்த்திருக்கிறோம். டாக்டரிடம் போனில் பேசிவிட்டேன். யூனிட்டைக் குறைத்து, இடப்பக்கமும் தொடையும் என்று மாற்றிப் போடச் சொல்லியிருக்கிறார். ஒரு வாரத்துக்கு மூன்று மணிச் சோதனையும் செய்யச் சொன்னார். ரொம்ப நன்றி.

கணக்கு_டீச்சர்

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். பார்த்து எழுதியதைப் போடுகிறேன்.

ஒரு ராத்திரி படுக்கும்போது 121, மூன்று மணிக்கு 126, எழுந்ததும் 158. இன்னொரு ராத்திரி 116, 119, 152. சாப்பாட்டை வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் முடித்து, அரை மணி நேரம் நடந்துவிட்டுப் படுத்த ராத்திரியில் 109, 112, 141. மூன்று மணிக்குப் பிறகுதான் ஏறுகிறது, அது எனக்கே தெளிவாகத் தெரிகிறது. ஹீமோகுளோபின் 12.4, பரவாயில்லை என்றார்கள்.

முதல் ராத்திரி அலாரத்தில் வீட்டுக்காரரும் எழுந்துவிட்டார். ஸ்ட்ரிப்பை அவர்தான் மாட்டினார். காலையிலும் அவரே பார்த்தார். மாமியாரிடம் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, இரவு மாத்திரையை மெதுவாகக் கரையும் வகையில் 1000 ஆக மாற்றியிருக்கிறார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. காலையில் 150க்கு மேல் இருந்தால், அது இறங்கும்வரை சாப்பிடாமல் காத்திருக்கலாமா?

ஓய்வுபெற்ற_சிஸ்டர்

காத்திருக்க வேண்டாம். ஈரல் திறந்துவிட்ட குழாய், வயிற்றில் சாப்பாடு இறங்கி இன்சுலின் சுரந்தால்தான் மூடும். பலருக்கு, சாப்பிடாமல் பத்து மணிவரை இருந்தால் இன்னும் இருபது ஏறியிருக்கும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஆனால் காலையில் இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படுவது குறைவு என்பதால் அந்த வேளையில் மாவுச்சத்தைக் கொஞ்சம் குறைத்துப் புரதத்தைக் கூட்டிப் பாருங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள், உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு நடைப்பயிற்சி செய்தீர்களே, அது நல்ல வேலை. வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அந்தப் பலன் சில மணி நேரம் நீடிக்கும். அதை விடாதீர்கள். வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை என்பது பொதுவான இலக்கு. 141 ஒன்றும் அதிலிருந்து தூரம் இல்லை, புது மாத்திரைக்குச் சில வாரம் அவகாசம் கொடுங்கள். மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது, முழுசாக விழுங்க வேண்டும். சில சமயம் அதன் கூடு மலத்தில் அப்படியே வரும். பயப்படாதீர்கள், மருந்து உள்ளே இறங்கிவிட்டிருக்கும்.

மூன்று மாதம் கழித்துப் போகும்போது, வருஷத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டியவற்றை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், பாதத்தில் உணர்ச்சி பார்ப்பது. மெட்ஃபார்மின் பல வருஷம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதையும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள். கால் மரத்துப்போனால் எல்லாரும் சர்க்கரைதான் காரணம் என்று விட்டுவிடுவார்கள், சிலருக்கு பி12 குறைவும் சேர்ந்திருக்கும். அதற்கு வைத்தியம் உண்டு.